கம்பளிக்கு அடியில் இரண்டு சுழி

எங்கள் குதிரைக்கு ஏழு தலைமுறை மூதாதையர் பெயர்கள் எழுத்தில் இருந்தன. எனக்கு மூன்று தலைமுறைதான் தெரியும். அதுவும் அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணம் பண்ணுவதால். ஆகவே அந்தக் குதிரை ஸ்ரீரங்கத்துக்கு வந்து இறங்கிய நாளிலேயே எங்கள் இருவரில் யார் உயர்குலம் என்ற விஷயம் தீர்ந்துவிட்டது. அதன் பார்வையிலும் அது தெரிந்தது.

சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் ஊர் திரும்ப மனசில்லாமல் பொன்மலைப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார துரை, கடைசியில் மூட்டை கட்டினார். அவர் வீட்டுச் சாமான்கள் விலைக்கு வந்தன. என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, முசிறியில் வாழை போடுகிறவன், ஒரு சோபா வாங்க வந்தான். சோபா அதற்குள் விற்றுப்போயிருந்தது. வெறுங்கையோடு போவானேன் என்று குதிரையை வாங்கிவிட்டான். சென்னை ரேஸில் ஓடி, காலில் அடிபட்டு ஓய்வு பெற்ற ஆண் குதிரை. ஓடத்தான் லாயக்கில்லை, மற்றதற்கெல்லாம் லாயக்கு என்று துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

“அத்திம்பேர், திருச்சி முழுக்க ஜட்கா வண்டி. ஒவ்வொரு குதிரையும் கழுதைக்குப் பெரியப்பா மாதிரி நிக்கறது. இந்த ரத்தம் கலந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்கோ. பெட்டைக் குதிரைகளை நம்மகிட்ட ஓட்டிண்டு வந்து, காசும் குடுப்பா. நாம சும்மா நின்னா போறும்.”

“நாமளா?”

“குதிரை நிக்கும். நாம பக்கத்துல நிப்போம்.”

சும்மா நிற்பது எனக்குக் கைவந்த கலை. ஆளுக்குப் பாதி என்று கூட்டுச் சேர்ந்தேன். அம்மா மண்டபம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பில் கொட்டகை போட்டோம். துரையிடம் வேலை பார்த்த குதிரைக்காரக் கிழவரும் குதிரையோடு கூடவே வந்துவிட்டார்.

குதிரைக்கு ஒரு கம்பளியும் இருந்தது. கழுத்திலிருந்து வால் வரை மூடுகிற நீலக் கம்பளி. ஓரத்தில் சிவப்புப் பட்டை, மூலையில் துரையின் பெயரின் முதல் எழுத்துகள். அதை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது என்று நான் கிழவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சித்திரை வெயிலில், காவேரி மணல் பொரிந்துகொண்டிருக்கும்போது, எங்கள் குதிரை கம்பளி போர்த்திக்கொண்டு நின்றது. கோட்டு போட்டுக்கொண்டு கல்யாணத்தில் வேர்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கு இருக்கும் கம்பீரம் அதற்கு இருந்தது. கம்பளி இல்லாவிட்டால் அதுவும் ஒரு குதிரை. கம்பளி இருந்தால்தான் துரை வீட்டுக் குதிரை.

நோட்டீஸ் அச்சடிக்கும் பொறுப்பை மச்சினன் எடுத்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைதான் அடிப்பார்கள். அதனால் நான்கு ஓரமும் வாழைமரம், மேலே இரண்டு கிளி. நடுவில், “உயர்குலத்து இங்கிலீஷ் ரேஸ் ஆண் குதிரை பொலிக்கு விடப்படும். நல்ல உயரம், நல்ல நிறம், சாதுவான சுபாவம். தாய்வழி தந்தைவழி விவரங்கள் நேரில்.”

என் மனைவி வாசித்துவிட்டு, “நட்சத்திரம் ஒண்ணுதான் போடலை,” என்றாள்.

அதில் நான் செய்த ஒரே திருத்தம்தான் பின்னால் என் தூக்கத்தைக் கெடுத்தது. ‘உரிமையாளர்’ என்று போட்டு அதன் கீழே என் பெயர் மட்டும், கிளியை விடப் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தேன். மச்சினன் பெயர் எங்கேயும் இல்லை. அவன் அதற்குக் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், பாலக்கரை, உறையூர் என்று ஜட்கா நிற்கிற இடமெல்லாம் நோட்டீஸ் போயிற்று. ஒரு மாதம் ஆயிற்று. ஒரு பெட்டையும் வரவில்லை. குதிரை கொள்ளு தின்றது. நாங்கள் பக்கத்தில் நின்றோம்.

பிறகு ஒரு நாள் காலையில் பாலக்கரையிலிருந்து ஒரு பாய் வந்தார். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டுகிறவர். வருஷக்கணக்காக நான் அவர் வண்டியில் போயிருக்கிறேன். குதிரைக்குச் சுழி பார்ப்பதில் திருச்சியில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். மாட்டுக்குச் சுழி பார்ப்பது போலத்தான். உடம்பில் மயிர் எந்தெந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்று பார்த்து, இது வீட்டை வாழவைக்கும், இது கடன் வாங்கவைக்கும் என்று சொல்வார்கள். சுழி பார்க்காமல் ஒரு ஜட்காக்காரரும் குதிரையைத் தொடமாட்டார்.

நான் ஏழு தலைமுறைக் காகிதத்தை விரித்து, இந்தத் தாத்தா இந்த ரேஸில் ஜெயித்தார், அந்தப் பாட்டனார் அந்த ரேஸில் ஜெயித்தார் என்று படித்துக் காட்டினேன். பாய் மரியாதையாக முடியும்வரை கேட்டார்.

“எல்லாம் சரிங்க சாமி. சுழி எப்படி?”

“இது இங்கிலீஷ் குதிரை பாய். இதுக்குச் சுழியெல்லாம் கிடையாது.”

“தோல் இருக்குல்லே? இருந்தா சுழி இருக்கும்.” குதிரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “இந்த வெயில்ல கம்பளி போட்டு வேகவச்சிருக்கீங்களே! இதனாலதான் ஸ்டாண்டுல ஒருத்தனும் வரலே. மூடி வச்ச குதிரையில என்னமோ இருக்குன்னு பேசிக்கிறாங்க.”

சொல்லிக்கொண்டே கம்பளியைத் தூக்கினார்.

முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எதிரும் புதிருமாக இரண்டு சுழிகள், அளந்து வைத்தாற்போல. பாய் கம்பளியைத் திரும்பப் போட்டார். தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். டாக்டர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

“என்ன பாய்?”

“தப்பா நினைக்காதீங்க சாமி. இது பாடைச்சுழி. ரெண்டு பக்கமும் தோள் குடுத்துப் பாடையைத் தூக்கிற மாதிரி இருக்கா?”

“அதனால என்ன?”

“உடைமைக்காரருக்கு ஆகாது. கண்ணுல பட்ட நாள்லேருந்து ஒரு வருஷம். அதுக்கு மேல தாண்டி நான் பார்த்ததில்லே.” அப்புறம், ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, “குட்டிக்கு ஒண்ணும் தோஷமில்லே. உடைமைக்காரருக்கு மட்டுந்தான். வெள்ளிக்கிழமை நம்ம பெட்டையைக் கொண்டாரட்டுங்களா? சினைப்பருவத்துல இருக்கு,” என்றார்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். மனிதனுக்குச் சாவு எந்த நிமிஷமும் வரலாம் என்று முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து, அவர்கள் காபியையே குடித்துக்கொண்டு சொல்வது என் பிழைப்பு. இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது எனக்கும் சேர்த்துத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் பகுத்தறிவுள்ளவன். மயிர் சுழித்துக்கொண்டால் மனுஷன் சாவானா என்று உரக்கச் சிரித்தேன். தோப்பிலிருந்து வீடுவரை சிரித்துக்கொண்டே நடந்தேன். வழியில் தென்னை மரங்களுக்கு அடியில் போகாமல் சுற்றிப் போனேன். அவ்வளவுதான்.

அன்று மாலையே மச்சினனுக்குத் தந்தி அடித்தேன். மறுநாள் முசிறி பஸ்ஸில் வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் துக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு.

“நல்லவேளை அத்திம்பேர், நோட்டீஸ்ல உங்க பேர் மட்டும்தானே போட்டோம்.”

“பாதி உன்னுது!”

“அது நமக்குள்ள. ஊருக்கு நீங்கதானே உரிமையாளர். ஐந்நூறு நோட்டீஸ் போயிருக்கு. கிளியை விடப் பெரிய எழுத்துல.”

“அப்படின்னா இன்னிலேருந்து முழுக்க நீயே எடுத்துக்கோ. சும்மா தரேன்.”

“ஐயையோ! அக்கா ஆத்துக்காரர் ஆசையா வச்சுண்டிருக்கற குதிரையை நான் வாங்கிப்பேனா? பாவம் இல்லையா?”

உலகத்தில் அண்ணன் தம்பிகள் எனக்கு எனக்கு என்று கோர்ட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். உனக்கு உனக்கு என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றது எங்கள் கூடத்தில்தான் நடந்திருக்கும். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவரையும் பார்த்தாள்.

“ஏன்னா, நீங்க போயிட்டா குதிரை யாருக்கு வரும்?”

“உனக்குத்தான்.”

“அதான் கேட்டேன். அப்புறம் சுழி என்னைப் பார்க்கும். போறதுக்கு முன்னாடி இவன் பேருக்கு எழுதி வச்சுட்டுப் போங்கோ.”

மச்சினன் அடுத்த பஸ்ஸிலேயே முசிறிக்குப் போய்விட்டான். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை பாய் சொன்னபடி வந்தார். அவருடைய பெட்டை கொஞ்சம் உயரமான ஜாதிதான்; ஆனாலும் எங்கள் குதிரைக்கு முன்னால் அது ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. பாய் பெட்டையை வாய்க்கால் கரைமேல் ஏற்றி நிறுத்தி, குதிரையைக் கீழே நிறுத்தி, உயரத்தைச் சமன் செய்தார். மற்றதைக் குதிரை பார்த்துக்கொண்டது. அதற்கு ஏழு தலைமுறை அனுபவம். நான் பக்கத்தில் நின்றேன்.

அதற்கப்புறம்தான் எங்கள் தொழில் சூடு பிடித்தது. கம்பளிக்கு அடியில் இருந்த மர்மம் வெளிப்பட்டுவிட்டது. அதன் தோஷம் தங்களுக்கு இல்லை, எனக்குத்தான் என்பதும் ஊர்ஜிதமாகிவிட்டது. ஜட்காக்காரர்களுக்கு இதைவிட நல்ல குதிரை எங்கே கிடைக்கும்? உறையூரிலிருந்து வந்தார்கள், தென்னூரிலிருந்து வந்தார்கள். துறையூரிலிருந்து ஒருவர் ராத்தங்கி வந்தார். எல்லோருக்கும் ஒரே அவசரம்.

“சாமி உடம்பு சுகந்தானுங்களே? ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டாரலாம்னு பார்த்தேன். வேணாம், இப்பவே முடிச்சுடுவோம்னு எங்க வீட்டுல சொல்லிட்டாங்க.”

“ஏன், ரெண்டு மாசம் கழிச்சு நான் எங்கே போயிடுவேன்?”

“சேச்சே, அப்படிச் சொல்லலே சாமி,” என்று துறையூர்க்காரர் மண்ணைப் பார்த்தார்.

நான் பயந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். சில சிறு ஏற்பாடுகள் செய்துகொண்டேன், அவ்வளவே. காவேரியில் முழுகுவதை விட்டுக் கிணற்றடியில் செம்பால் குளித்தேன். மலைக்கோட்டைக்கு ஏறுவதில்லை. சைக்கிளை விற்றேன். பலாப்பழத்தை நிறுத்தினேன். பலாப்பழத்தால் யாராவது செத்திருக்கிறார்களா என்று தெரியாது. நான் முதல் ஆளாக இருக்க விரும்பவில்லை. எனக்கு நானே ஒரு பாலிசியும் எடுத்தேன். படிவத்தில் க்ஷயம் உண்டா, நீரிழிவு உண்டா, குடும்பத்தில் பைத்தியம் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தது. குதிரை உண்டா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் திடீரென்று மூளை வேலை செய்தது. துரையிடம் அந்தக் குதிரை பல வருஷம் இருந்ததே! அவர் உயிரோடு இருந்தால் சுழி பொய். கிழவரிடம் விலாசம் வாங்கி இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினேன். தாங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று ஒருவரை மரியாதையாகக் கேட்பது எவ்வளவு சிரமம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாலு தடவை கிழித்துப் போட்டு, கடைசியில் அவர் தேக சௌக்கியத்தைப் பற்றி மூன்று பத்தியும் குதிரையைப் பற்றி ஒரு வரியும் எழுதினேன்.

பதிலுக்கு மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நீலக் கடிதம் வந்தது. துரையே எழுதியிருந்தார். சௌக்கியமாக இருக்கிறாராம். ரோஜாச் செடி வளர்க்கிறாராம். குதிரைக்குக் கம்பளி போடுகிறீர்களா என்று விசாரித்திருந்தார்.

நான் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு ஓடினேன். ஓடுவதையும் நிறுத்தியிருந்தேன்; அன்று ஓடினேன்.

“பாய்! துரை உசிரோட இருக்கார்! எட்டு வருஷம் வச்சிருந்தார், ஒண்ணும் ஆகலை! இப்ப என்ன சொல்றீங்க?”

பாய் பெட்டைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். அதன் வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நிதானமாக யோசித்தார்.

“அவரு கம்பளியால மூடியே வச்சிருந்தாருல்லே சாமி? சுழி அவரு கண்ணுலே படவே இல்லையே.”

“அப்படின்னா குதிரைக்காரக் கிழவர்? துரைகிட்ட இருந்தப்ப தினமும் தேச்சுக் குளிப்பாட்டினாரே, அவர் பார்த்தாரே!”

“அவரு உடைமைக்காரரு இல்லையே.”

இன்ஷூரன்ஸில் இருபது வருஷம் இருந்த எனக்கு, இப்படி எல்லா ஓட்டையையும் அடைத்த ஒரு பாலிசியை எழுதத் தெரிந்ததில்லை. நான் ஜட்காவில் ஏறி உட்கார்ந்தேன். பாய் என்னை வீட்டில் கொண்டுவிட்டார். என்னிடம் வண்டிச் சத்தம் வாங்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.

பதினோராம் மாதம் பாயின் பெட்டை குட்டி போட்டது. நான் போகவில்லை. கெடுவுக்கு இன்னும் நாலு வாரம் பாக்கி. ஆண்டாள் சன்னிதியில் அர்ச்சனை, பெருமாளுக்கு ஒரு வேண்டுதல், மருந்துக்கடையில் ஒரு டானிக் என்று எனக்கு நிறைய வேலை இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பாய் வீடு தேடி வந்தார். முகம் சரியில்லை.

“பெட்டைக்கு ஏதாவது ஆயிடுத்தா பாய்?”

“அது நல்லாருக்கு சாமி. குட்டியும் நல்லாருக்கு. ஆண் குட்டி. நெடுநெடுன்னு காலு. அல்லா குடுத்தது.” தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “முதுகுல ரெண்டு சுழி இருக்கு.”

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு வருஷமாக நான் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

“ரெண்டு பக்கமும் தோள் குடுத்தாப்லயா?”

“ஆமாங்க.”

“குட்டிக்குத் தோஷமில்லேன்னீங்களே.”

“குட்டிக்கு இல்லேதான்...”

“உடைமைக்காரருக்குத்தான்.” நான் வாய்க்கு ருசியாகச் சொன்னேன். “உடம்பு சுகந்தானே பாய்?”

உள்ளேயிருந்து என் மனைவி, “ஏன்னா, என்ன பேச்சு இது! பாய்க்கு மோர் குடுங்கோ,” என்று அதட்டினாள். மோர் குடித்துவிட்டுப் பாய் எல்லாவற்றையும் சொன்னார். பெட்டைக்கு வயசாகிவிட்டது, இன்னும் மூன்று வருஷம் இழுத்தால் அதிகம். அதற்கப்புறம் வண்டிக்கு இந்தக் குட்டிதான். வேறு குதிரை வாங்க வழியில்லை. ஆனால் வீட்டில் அவர் பீவி அழுது ஊரைக் கூட்டுகிறார். குட்டியை யாருக்காவது கொடுத்துவிடு, இல்லாவிட்டால் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டி விட்டுவிட்டு வா என்கிறார். ஸ்டாண்டில் மற்றவர்களுக்கும் கலக்கம். எல்லாருடைய பெட்டைகளும் வயிற்றோடு நிற்கின்றன.

“சுழியெல்லாம் சும்மா சாமி,” என்றார், திருச்சியிலேயே பெரிய சுழிக்காரர். “பழைய ஆளுங்க கட்டிவிட்ட கதை. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?”

“இதை ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமே.”

“அப்ப எனக்குத் தெரியலே.” அவர் சிரிக்கவில்லை. “நீங்க இன்னும் நாலு வாரம் தாண்டிட்டீங்கன்னா வீட்டுல சரின்னுருவாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வண்டி கொண்டாரேன். வந்து அஞ்சு நிமிஷம் வாசல்ல உக்காருங்க. உங்களை அவங்க கண்ணால பார்த்தாப் போதும்.”

ஆகக்கூடி, இன்னும் சாகவில்லை என்பதைக் காட்டிக்கொள்வது என் உத்தியோகம் ஆயிற்று. சம்பளமில்லாத உத்தியோகம், ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. போன வருஷம் என் சாவுக்கு முன்னால் முந்திக்கொள்ளப் பார்த்த அதே ஆட்கள் இப்போது என் ஆயுளுக்காக நேர்ந்துகொண்டார்கள். தென்னூர்க்காரர் இளநீர் அனுப்பினார். உறையூர்க்காரர், வழுக்கிவிடப் போகிறது என்று என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டார். பாலக்கரையில் பாய் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைப்பார்கள். கதவுத் திரை லேசாக விலகும். நான் நெஞ்சை நிமிர்த்தி, நாமம் பளிச்சென்று தெரிய, ஆரோக்கியமாக உட்கார்ந்திருப்பேன். குட்டி வந்து என் வேட்டி நுனியைச் சப்பும். அதன் கால்கள் அதன் தகப்பன் கால்கள். அந்தச் சந்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத நீளம்.

மூன்று வெள்ளி ஒழுங்காகப் போயிற்று. நாலாவது, அதாவது கடைசி வெள்ளியன்று, காலையில் எழுந்திருக்கும்போதே எனக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. கூடவே இருமல். சாதாரண இருமல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இருமல்.

அந்தப் பயத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் பாக்கி வைத்துச் சரியாக வந்து பிடித்துவிட்டதே என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஜும்மா முடிந்து பாயின் வண்டி வாசலில் வந்து நின்றது. என் மனைவி கஷாயத்தோடு வந்தாள்.

“உடம்பு முடியலைன்னு சொல்லி அனுப்பிடட்டுமா?”

“சொன்னா அந்தக் குட்டியைச் சாயங்காலத்துக்குள்ள கொள்ளிடத்துக்கு அந்தண்டை விட்டுடுவா.”

அவள் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். கஷாயத்தைக் கொடுத்தாள். பிறகு, எதிர்பார்க்கவே இல்லை, தானே என் மேல்துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுவிட்டாள். “வாயை மூடிண்டு உக்காருங்கோ. உங்களுக்கு அது கஷ்டம்தான். ஒரு அஞ்சு நிமிஷம்.”

பாலக்கரை சந்தில் அன்று கூட்டம். ஸ்டாண்டு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் வண்டியை விட்டுத் தாவிக் குதித்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு இருமல் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. திரை விலகியது. நான் சிரித்தேன். குட்டி வந்து வேட்டியைச் சப்பியது. அதன் முதுகைத் தடவிக் கொடுத்தேன், நேராக இரண்டு சுழி மேலேயே, எல்லோரும் பார்க்கும்படி.

திரைக்குப் பின்னாலிருந்து பீவியின் குரல் மெதுவாக வந்தது. “முகமெல்லாம் நல்லா செவந்து ரத்தம் ஊறித்தான் இருக்காரு. சரி, குட்டி இருக்கட்டும்.”

காய்ச்சலில் சிவந்த முகம் என்று யார் சொல்வது? பாய் அவசரமாக என்னை வண்டியில் ஏற்றினார். சந்தைத் தாண்டினோம், கடைத்தெருவைத் தாண்டினோம். வழியெங்கும் தெரிந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் வாய் திறக்காமல் கும்பிட்டேன். தாய்க்குப் பின்னால் குட்டியும் டக் டக்கென்று ஓடி வந்தது. காவேரிப் பாலத்தின் பாதிக்கு வந்ததும் பாய் லகானைத் தளர்த்தி, முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார்.

“இப்ப இருமுங்க சாமி,” என்றார். “பாலத்துல யாரும் இல்லே.”